புதுப் பலகைக்குச் சாயம்: முதுகிலிருந்து தொடங்குங்கள்

மூன்று தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டு முன்னறைக்கு நானே ஸ்கர்ட்டிங் பலகை அடித்தேன். சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் ஓடுமே, நாலு அங்குலப் பலகை, அதுதான். ஹார்ட்வேர் கடையில் வாங்கி வந்த அன்றே ஆணி அடித்து, மறுநாள் வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு கொடுத்தேன். தீபாவளிக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். பொங்கல் வருவதற்குள் பலகையின் மேல்விளிம்பு சுவரை விட்டு விலகி, ஐம்பது சென் காசு உள்ளே விழும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மாமா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குனிந்து பார்த்தார். "முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டிருக்கியே தம்பி, முதுகுக்கு யாரு போடுறது?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். முன்பக்கம் சாயம் பூசி அடைத்தாயிற்று. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்பக்கம் வெறும் மரம். மழைக்காலச் சுவரின் ஈரத்தை அது குடித்துக் குடித்து உப்ப, பலகை வளைந்து இரண்டு விளிம்பும் சுவரை விட்டு எழும்பிவிட்டது. அதனால் இந்த முறை ஆணியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதுகிலிருந்து தொடங்கினேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் சட்டத்துக்கும் இதே முறைதான்.

எந்த மரம்

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மெராந்தி, பைன், ரப்பர் மரம் கிடைக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, வழுவழுப்பு. ஆனால் தினமும் தரை துடைக்கிற வீட்டில் அடிப்பக்கம் தண்ணீர் பட்டுப் பட்டு ஊறிப் பொருமிவிடும். நான் ரப்பர் மரம் எடுத்தேன். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டிச் சாய்க்கிற அதே மரம்தான். பாட்டி பால்மரம் வெட்டியவர். பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே அடுப்பில் வைப்போம், இதைக் காசு கொடுத்தா வாங்கி வந்தே?" என்று சிரித்தார்.

இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. எனவே மருந்து ஏற்றிய மரமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சிறு துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டிய பலகையாகவே பெரும்பாலும் வரும். ஒட்டு இடத்தை விரலால் தடவுங்கள். மேடு தட்டினால் அதை எடுக்காதீர்கள். சாயம் அடித்த பிறகும் அந்தக் கோடு தெரியும்.

ஒரு வாரம் சும்மா விடுங்கள்

பலகையை எந்த அறையில் அடிக்கப்போகிறீர்களோ அந்த அறையிலேயே ஐந்து முதல் ஏழு நாள் வையுங்கள். சிமெண்டுத் தரையில் நேராகப் படுக்கவிடாமல், அடியிலும் இடையிலும் குச்சி கொடுத்து அடுக்குங்கள். வளைகிற பலகை இப்போதே வளையட்டும், ஆணி அடித்த பிறகு வேண்டாம்.

தேய்ப்பது

120 நம்பர் மணல்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் வாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழுகிற கீறல் சாயத்துக்கு மேலும் தெரியும். அப்புறம் 180. அதோடு நிறுத்துங்கள். இன்னும் வழுவழுப்பாக்கினால் பிரைமர், அதாவது சாயத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு, பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பு இருக்காது. கத்தி போன்ற விளிம்புகளை இரண்டு மூன்று இழுப்பில் மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில் சாயம் நிற்காமல் விலகிப்போய், முதலில் உரிவதும் அங்கேதான். முகக்கவசம் கட்டாயம். வீட்டில் பழைய கதவு நிலை இருந்தால், அதன் பழைய சாயத்தை இப்படி உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், அந்தக் காலச் சாயத்தில் ஈயம் இருக்கலாம்.

சரியாகத் தேய்த்தோமா என்று பார்க்க ஒரு வழி: கிழிந்த பழைய வேட்டித் துண்டைப் பலகை மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அதே துணியை லேசாக நனைத்துப் பிழிந்து தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பிரைமர்: ஆறு பக்கமும்

முன், பின், மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, இரண்டு முனை. முதுகுக்கு அழகு தேவையில்லை, விடுபடாமல் இருந்தால் போதும். முனைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். வெட்டுமுனையில் மரத்தின் குழல்கள் வாய் திறந்து நிற்கின்றன. பிரஷை வைத்ததும் ஈரமாகப் பளபளக்கும். ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள், பூசவே இல்லாததுபோல் மங்கிப்போயிருக்கும். அவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. எனவே முனைக்கு இரண்டு பூச்சு. பொருத்தும்போது மூலைக்காக அரை அங்குலம் வெட்ட வேண்டி வந்தால், புது முனைக்கும் மறுபடி பூசிவிட்டே சுவரில் வையுங்கள். நான் இப்போது ஒரு சின்னப் பாட்டிலில் பிரைமர் ஊற்றி வாளுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன்.

ரப்பர் மரத்துக்குத் தண்ணீர் பிரைமர் போதும். சிவந்த மெராந்தி என்றால் தண்ணீர் பிரைமர் வழியாகப் பழுப்புக் கறை மேலே வரக்கூடும். கறை தடுக்கும் எண்ணெய் பிரைமர் கேளுங்கள். பைன் மரக் கணுக்களுக்கும் அதே கவனிப்பு வேண்டும். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள்.

நம் ஊரில் தீபாவளிக்குச் சாயம் அடிக்கிற காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கும். விடிகாலையில் செம்பனைப் பக்கம் மூடுபனி, மாலையில் மழை. காற்றில் ஈரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் சாயம் அடிக்காமல் இருப்பது நல்லது. கருவியெல்லாம் வேண்டாம்; காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். டப்பாவில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த பூச்சு என்று போட்டிருந்தால் மழை நாளில் நான்கு மணி நேரம் விடுவேன்.

பிரைமர் காய்ந்ததும் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் பட்டால் அப்படித்தான். 240 நம்பரில் பூப்போலத் தேய்த்துத் தூசி துடையுங்கள்.

பொருத்துவது, அடைப்பது

இப்போதுதான் ஆணி. தலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே போகும்படி இறக்கி, குழியில் மரப் பட்டியை (ஓட்டை அடைக்கும் பசையை) சற்று மேடாக வைத்து, காய்ந்ததும் தேயுங்கள். பட்டி வைத்த இடத்தில் ஒரு பொட்டு பிரைமர். சுவருக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளிக்கு அக்ரிலிக் சீலண்ட். சிலிக்கோன் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் சாயம் ஒட்டாது. பிறகு கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பாருங்கள். விட்ட குறையெல்லாம் நிழலாகத் தெரியும்.

மேல் சாயம்

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் கதவு போக 45 அடி, ஏறக்குறைய 13.7 மீட்டர் பலகை. நாலு அங்குல அகலத்துக்கு 1.4 சதுர மீட்டர்தான். ஒரு லிட்டர் சாயம் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும். இரண்டு பூச்சு அடித்தாலும் ஒரு லிட்டரில் மூன்று அறை முடியும். ஐந்து லிட்டர் டப்பா வாங்கி வீணாக்காதீர்கள். தண்ணீரில் கரையும், பாதிப் பளபளப்புள்ள சாயம் துடைக்க வசதி. எண்ணெய் வெள்ளை நாளடைவில் மஞ்சளாகும்.

இரண்டு அங்குல நைலான் பிரஷ் எடுத்து, மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் முக்குங்கள். ஓர் இரண்டடிக்குப் பூசி, உடனே வெறும் பிரஷால் ஈரப் பக்கத்தை நோக்கி ஒரே நீள இழுப்பு. அப்புறம் அங்கே கை வைக்காதீர்கள். பாதி காய்ந்ததைத் திருத்தப் போனால் பிரஷ் தடம் அப்படியே உறைந்துவிடும். பூசும்போது காற்றாடி வேண்டாம். முதல் பூச்சு காய்ந்ததும் 320 நம்பரில் ஒரு தடவு, துடைத்துவிட்டு இரண்டாவது பூச்சு. மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் சாயம் முழுக்கக் காய்வதற்கு முன்பே சாய்வாக இழுத்து எடுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக அன்றே சோபாவை ஒட்டித் தள்ளாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். மிச்சச் சாயத்தை மூடி இறுகும் சிறு பாட்டிலில் ஊற்றி, நிற எண்ணை மூடி மேல் எழுதி வையுங்கள். துடைப்பக்கட்டை இடித்த இடத்துக்கெல்லாம் பொட்டு வைக்க உதவும்.