கடைசி பெஞ்சு காலியானால்: சபையில் அக்கறை காட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சபையில், வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் ஒரு தங்கச்சி உட்காருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர், பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆசீர்வாதம் முடிந்து ஆமென் சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை அவசரம் போல என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் வருவதே நின்றுபோனது. அது எங்களுக்கு உறைக்கவே மூன்று மாதம் ஆனது.

வரிசையாகக் கட்டிய சின்ன வாடகை வீடுகள், லைன் வீடு என்போம்; அங்கே போய்ப் பார்த்தபோது காரணத்தைச் சொன்னார். ஆலயப் போர்டிகோவில், சபைக்குக் கட்ட வேண்டிய சந்தாவின் பாக்கிப் பட்டியலை ஒட்டியிருந்தோம். அவர் பெயருக்கு நேரே 14 மாதம். "சின்னவன் அப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கான் அண்ணே. 'எம்மா, நம்ம பேரு'ன்னு சந்தோசமாக் கைய நீட்டிச் சொல்லுதான். பக்கத்துல நாலு பேரு நிக்காவ. பொறவு நான் எப்படி உள்ள வர?"

அந்தப் பட்டியலை ஒட்டலாம் என்று கமிட்டியில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்தச் சபையிலும் அன்புக்குப் பஞ்சம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கஷ்டப்படுகிறவருக்குக் காசைவிட மானம் பெரிது. நாம் உதவி என்று நினைத்துச் செய்கிற பலதும் முதலில் அந்த மானத்தின் மேல்தான் கை வைக்கிறது.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்போமுங்களே"

கமிட்டியில் இந்த விஷயத்தைச் சொன்னதும் எழுந்த முதல் பதில் இது. இதுதான் தாய்த் தவறு. கஞ்சியே குடித்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறவர்கள் நம் மக்கள். கேட்க மாட்டார்கள். கேட்கும் நிலை வருவதற்கு முன்பே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் நடந்ததும் இதுதான். எருசலேம் சபையில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப்போனார்கள். முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் 'இன்னும் அதிகமாக அன்பாயிருங்கள்' என்று ஒரு பிரசங்கம் செய்து முடித்துவிடவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை யாருக்கோ, அந்த வாசலை அறிந்தவர்களிடமே பொறுப்பு போனது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் கோயம்புத்தூருக்கு வந்தது 1830இல். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல், கோயம்புத்தூர் திருமண்டலம் 1950இல். அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் பாட்டன் பெயர் உள்ள குடும்பங்கள் ஒரு பக்கம். பனியன் கம்பெனியையும் விசைத்தறியையும் நம்பி நெல்லை, தூத்துக்குடி, தேனியிலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். கமிட்டியில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. ஆராதனைக்கு வராமல் நின்றுபோகிறவர்களில் இரண்டாவது வகைதான் அதிகம். லைன் வீட்டில் குடியிருக்கிற ஒரு அம்மாவைப் பொறுப்பில் வையுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கமிட்டிக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஆயர் தலையில் கட்டுவதும் இந்தத் தவறின் கிளைதான். நானூறு குடும்பம் உள்ள சபையில் அவர் தினம் ஒரு வீடு போனாலும் ஒரு சுற்று முடிய பதின்மூன்று மாதம் ஆகும். நடந்துபோகிற தூரத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், இரண்டு ஞாயிறு ஒருவர் வராவிட்டால் மூன்றாம் ஞாயிறுக்குள் யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள்.

ஊரைக் கேட்டு, தெருவையும் கேட்பது

புதிதாக வந்தவரிடம் "எந்த ஊருங்க?" என்று கேட்பதில் தவறில்லை. அடுத்த கேள்விதான் பிரச்சினை. "அங்க எந்தப் பக்கமுங்க? எந்தத் தெருவுங்க?" கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும், அது சாதியைக் கேட்கிற கேள்வி. நாவில் 'ங்க' போட்டு எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் அடிபடுகிறவருக்கு அடிதான். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் தனி டம்ளர் நீட்டுகிற குடும்பங்கள் கொங்கு மண்ணில் இன்னும் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்திலும் இடம் பிரிக்கிறார்கள். இதைப் பேசாமல் அக்கறை, ஐக்கியம் என்று எத்தனை கூட்டம் போட்டாலும் அந்தக் குடும்பம் கடைசி பெஞ்சைவிட்டு முன்னால் வராது. வரவேற்கிறவர்கள் கேட்க வேண்டியவை மூன்றே: பெயர், எங்கே குடியிருக்கிறார்கள், எந்த நேரம் வீட்டில் இருப்பார்கள்.

நேரம் முக்கியம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவர் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, மளிகைக்கடைப் பாக்கி கொடுத்து வீடு சேர இன்னும் நேரமாகும். பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "வீடு பூட்டியிருந்துச்சுங்க" என்று பதிவேட்டில் எழுதினால் அது வீடு சந்திப்பு ஆகாது.

கூட்டமாகப் போவதையும் விட்டுவிடுங்கள். நான் பார்த்த ஒரு வீடு: பத்துக்குப் பத்து அறை. நாங்கள் ஆறு பேர். அந்த அம்மா உட்காரச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நழுவினார். பக்கத்து வீட்டில் டம்ளர் இரவல் வாங்கி, கடையில் அரை லிட்டர் பாலை அக்கவுண்டில் எழுதச் சொல்லி வாங்கி வந்து டீ போட்டார். நாங்கள் ஆறுதல் சொல்லி ஜெபித்துவிட்டு வந்தோம். அவருக்குப் பால் கடன் மிச்சம். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது இந்த ஊரில் வழக்கமில்லை என்று தெரிந்துதானே போகிறோம்? இரண்டு பேர் போதும். "தண்ணி மட்டும் குடுங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்" என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜெபக் குறிப்பு வம்பாக மாறுவது

"அந்தச் சகோதரிக்காக ஜெபிச்சுக்கோங்க, வீட்ல சமாதானமில்லை." இப்படி ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் மானம் முப்பது பேர் வாய்க்குப் போய்விடுகிறது. ஒருவர் தனியாகச் சொன்னதைக் கூட்டத்தில் சொல்ல அவரிடமே அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் நீங்கள் மட்டும் ஜெபியுங்கள்.

அடிபடுகிற மனைவியிடம் "பொறுத்துக்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லி அனுப்புவது பெரும் பாவம் என்றே நான் சொல்வேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் குறித்துக் கொடுங்கள். அவர் போக ஒரு வீடு பாருங்கள். தூக்கமில்லாமல், சாகலாம் போல இருக்கிறது என்று சொல்கிறவரிடம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே போட்டுக் கொடுங்கள். டாக்டரிடம் கூடப் போங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாளோடு முடித்துக்கொள்வது

துக்க வீட்டில் நம் சபைகள் முதல் மூன்று நாள் அருமையாக நிற்கின்றன. பந்தல், நாற்காலி, சாப்பாடு, பாட்டு எதிலும் குறை இருக்காது. நாற்பதாம் நாள் யாரும் இருப்பதில்லை. உண்மையில் அப்போதுதான் காகிதத்தோடு மல்லுக்கட்டும் காலம் தொடங்குகிறது. அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் செய்யத் தவறியதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். 'இமானுவேல்' ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்து அலைந்தவர்களை நான் அறிவேன். கம்பெனியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருந்தால் சேர்ந்த தொகையோடு விஷயம் முடிவதில்லை. மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதோடு இ.டி.எல்.ஐ. என்ற இன்சூரன்ஸும் உண்டு; தொழிலாளி அதற்குத் தனியாக ஒன்றும் கட்டியிருக்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துக்கு அது 7 லட்சம் ரூபாய் வரை வரும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். வேலையில் நேர்ந்த விபத்தில் இறந்திருந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் தொகை வரும். எந்த ஆதரவும் இல்லாத விதவைக்கு அரசு ஓய்வூதியம் உண்டு, தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அலைய நாலைந்து நாள் வேலையை விட வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அது நாலைந்து நாள் கூலி. வாலிபர் சங்கத்தில் பைக் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் ஆராதனைக்கு முன் வரிசையில் இருக்கிறார்கள். ஒருவர் படிவம் நிரப்பட்டும், ஒருவர் கூடப் போகட்டும், ஒரு அம்மா அன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரட்டும். தாமதமாகத்தான் செய்தோம், ஆனாலும் பி.எஃப். ஓய்வூதியம் அவருக்கு இப்போது வருகிறது.

பட்டியலைக் கிழித்துவிட்டோம். பாக்கி உள்ளவர் வீட்டுக்கு இப்போது பொருளாளர் மட்டும் போகிறார், முடியாதென்றால் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறார். ஆயரும் நானும் அந்தத் தங்கச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பையனை மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவோடு ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புகிறார். முடியும் நேரத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்று கூட்டிப்போகிறார். யாரும் கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு மழை தூறியது. கேட்டைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை வரை வந்து நின்றிருந்தார்.