மடிப்பை மறந்து வரைந்த பக்கங்கள்: கையிதழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு கீறல் போட்டால் எட்டுப் பக்க இதழ் ஒன்று கையில் உருவாகிவிடும். இன்று பலரும் ஸீன் என்று அழைக்கும் இந்தக் கையிதழ், நம் பள்ளிகளில் பல தலைமுறைகளாக இருந்துவந்த கையெழுத்துப் பத்திரிகைக்கு நெருங்கிய உறவு. ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மாணவர்களோடு அமர்ந்து கையிதழ் செய்துவரும் எனக்கு, அவர்களுடைய ஓவியத் திறமையில் ஒருபோதும் குறை தோன்றியதில்லை. கெடுவதெல்லாம், இதழை மடிக்கப்படும் பொருளாகக் கருதாமல், தட்டையான தாளில் வரையும் படமாகக் கருதுவதால்தான்.

ஒருமுறை ஒரு குழு காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி இதழ் செய்தது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டு, பவானி ஆற்றில் பிரிந்து நொய்யலைச் சேரும் அந்த வாய்க்கால் எல்லாப் பக்கங்களிலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மிக நல்ல எண்ணம். ஆனால், தாளை விரித்து வைத்து, மேல் வரிசையில் நான்கு கட்டம், கீழ் வரிசையில் நான்கு கட்டம் என்று புத்தகம் படிக்கிற வரிசையிலேயே வரைந்துவிட்டார்கள். மடித்துப் பார்த்தபோது பாதி வாய்க்கால் தலைகீழாக ஓடியது. அகலவாக்கில் வைத்த தாளில், நேராக நிற்கும் வரிசையில் இடமிருந்து வலமாகப் பின்னட்டை, முன்னட்டை, 2, 3 ஆகியவை வரும். தாளை அரைவட்டம் திருப்பினால் அடுத்த வரிசையில் 4, 5, 6, 7 ஆகியவை வரும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெற்றுத் தாள் ஒன்றை முதலில் மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதி, பிறகு விரித்துப் பார்த்தால் போதும். அச்சகத்தார் டம்மி என்று சொல்லும் இந்த மாதிரிப் பிரதியைச் செய்யாமல் பேனாவை எடுப்பதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து பிறக்கின்றன.

வாசகர் ஒரு பக்கத்தை மட்டும் தனியே பார்ப்பதில்லை. எதிரெதிரான இரண்டு பக்கங்களும் சேர்ந்தே அவர் கண்ணில் படுகின்றன. எனவே சமநிலையும் அழுத்தமும் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். மேலே சொன்ன ஒற்றைத் தாள் இதழில் 2-3, 4-5, 6-7 ஆகிய இணைகள் விரித்த தாளிலும் ஒட்டியே இருப்பதால், வாய்க்காலை மடிப்பைத் தாண்டி ஓடவிடலாம். இரண்டு தாள்களைப் பாதியாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடு மடிப்பில் பின் அடித்துச் செய்யும் சென்டர் பின் இதழில் நடுவிலுள்ள 4-5 மட்டுமே ஒரே தாளில் அமையும். அதன் 2ஆம் பக்கமும் 3ஆம் பக்கமும் வெவ்வேறு தாள்களில் இருப்பதால், அங்கே மடிப்பைத் தாண்டும் கோடு சற்றே விலகி முறிந்தது போலத் தெரியும். முகமோ எழுத்தோ எந்த இதழிலும் மடிப்பின் மேல் விழக் கூடாது. சென்டர் பின் இதழில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும் என்பதை மறந்து, 10 பக்கங்களுக்கு எழுதிக் கொண்டுவந்து வருந்துவோரும் உண்டு.

அடுத்தது ஓரங்கள். பெரும்பாலான ஜெராக்ஸ் இயந்திரங்கள் தாளின் விளிம்பை ஒட்டிய 4 முதல் 5 மி.மீ. வரையான பகுதியை அச்சிடுவதில்லை. ஒற்றைத் தாள் இதழின் ஒரு பக்கம் 74 மி.மீ. அகலமும் 105 மி.மீ. உயரமும் கொண்டது, நான்கு ஓரங்களிலும் 8 மி.மீ. விட்டால் எழுதுவதற்கு 58 மி.மீ. அகலமும் 89 மி.மீ. உயரமுமே மிஞ்சும். கோட்டுக்குக் கோடு 8 மி.மீ. இடைவெளி வைத்தால் 11 வரிகள், வரிக்கு மூன்று சொற்கள் என முப்பது சொற்களைச் சற்றுக் கடப்பதே பெரிது. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் கடைசிப் பக்கத்தில் எழுத்தை எறும்பளவு சிறிதாக்குகிறார்கள். வெற்றிடம் வீணான இடமன்று. விஷயத்தைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது தமிழ் எழுத்தைப் பற்றி. வடிவமைப்புக் குறிப்புகள் பலவும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. தலைப்பைப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள், அழுத்த வேண்டியதைச் சாய்த்து எழுதுங்கள் என்று அவை சொல்லும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்த்தால் சுழிகள் தடுமாறுகின்றன. ஆகவே எது முதலில் படிக்கப்பட வேண்டும் என்பதை அளவாலும் தடிமனாலும் சுற்றிலும் விடும் இடத்தாலும்தான் நாம் காட்ட முடியும். தலைப்பு, உள்ளே வரும் செய்தியின் எழுத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். சற்றே பெரிதான தலைப்பு தயங்கி நிற்பது போலத் தெரியும். கீ, மீ போன்றவற்றின் மேல்விலங்குச் சுழி மேலே எழுவதாலும் கு, மூ போன்றவற்றின் சுழி கீழே இறங்குவதாலும், நெருங்கிய வரிகளில் ஒன்றின் வால் மற்றொன்றின் தலையில் முட்டும். தடித்த பேனாவில் சிறிதாக எழுதினால் ண, ணை ஆகியவற்றின் சுழிகள் மை அடைத்துக் கறுத்துவிடும். நம் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியை இருபுறமும் நேராக்க முயன்றால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். சொல்லை உடைக்க நேர்ந்தால், புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது.

நிற வேறுபாட்டில் ஏமாறுவது எளிது. ஈரோட்டு மஞ்சள் சந்தையைப் பற்றிய இதழுக்கு மஞ்சள் மையில் தலைப்பு எழுதத் தோன்றுவது இயல்பு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அது ஏறக்குறைய காணாமலே போகும். பவானி ஜமக்காளத்தைப் பாருங்கள். அகன்ற பட்டைகள், சில அடர்ந்த நிறங்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரே வரிசை; ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் படமெடுத்து நகலெடுத்தால், அடுத்தடுத்து ஓடும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் பட்டையாகிவிடலாம். கண்ணுக்கு வேறான நிறங்கள் வெளிச்ச அளவில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதே காரணம். நகலெடுக்கும் முன் மூலப்பிரதியைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மெல்லிய பென்சில் நிழலையும் நம்பாதீர்கள். கறுப்பு மையால் கோடுகளை நெருக்கி நிழல் காட்டுங்கள். நகலிலிருந்து நகல் எடுக்காமல், மூலப்பிரதியை அழுக்குப் படாமல் காத்து வையுங்கள்.

தாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது, தாளைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வம் அவர்களுக்குத் தானாக வருகிறது. உள்பக்கங்களுக்கு 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் நன்றாக மடியும். அட்டையை இரண்டு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் திசையிலேயே மடிப்பு அமையட்டும். எதிர்த்திசையில் மடித்தால் விளிம்பு வெடிக்கும்.

சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பின் நடுவரை எட்டாது என்பதால் ஓரத்தில் பின் அடிப்பவர்கள், உள் ஓர எழுத்துகளைத் தாமே மறைத்துவிடுகிறார்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் நூலுக்கா பஞ்சம்? மடிப்பின் மேல் மூன்று துளைகள் இடுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, அங்கே ஓடும் நீண்ட தையலைச் சுற்றி முடிச்சிடுங்கள். தைத்து முடித்த பிறகே விளிம்புகளை வெட்டுங்கள். மடிக்கும்போது உள்தாள் சற்று வெளியே துருத்துவதால், முன்னதாக வெட்டினால் ஓரங்கள் சமமாக நிற்பதில்லை.