சீனாவில் ஆற்றுப் படகு: துறையின் பெயரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்

தென் சீனாவின் குய்லின் நகருக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒரு ரகம் உண்டு. படகின் மேல்தளத்தில் குடும்பமே சிரித்தபடி நிற்கும். பின்னால், தும்பிக்கையை ஆற்றுக்குள் விட்டுத் தண்ணீர் குடிக்கும் யானை போல ஒரு பாறை. "லி ஆறு பார்த்தாச்சு" என்பார்கள். படத்தின் ஓரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களும் ஒரு பாலமும் தெரியும். அவர்கள் போனது லி ஆறுதான், அதில் பொய்யில்லை. ஆனால் எந்த மலைகளுக்காக விமானம் ஏறினார்களோ, அவை அங்கிருந்து ஆற்றோடு போனால் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால்தான் தொடங்குகின்றன. ஊருக்குத் திரும்பி, யாரோ வேறு படம் காட்டும்போதுதான் விஷயம் புரியும்.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குடை எடுக்காதது, மாத்திரை மறந்தது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை கடையில் கிடைக்கும்.

பெயரை நம்பி டிக்கெட் எடுப்பது

"லி ஆற்றுப் படகு" என்ற ஒரே பெயரில் பல பயணங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே படம்தான்: மூடுபனி, கூம்பு மலைகள், ஒரு மீனவர், அவர் தோளில் நீர்க்காகம். படத்தை வைத்து எது எதென்று கண்டுபிடிக்கவே முடியாது.

நீங்கள் தேடுவது குய்லினிலிருந்து, ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள யாங்ஷுவோ என்ற ஊர் வரை போகும் நெடும்பயணம். நீளம் 83 கிலோமீட்டர், நேரம் நான்கு முதல் நாலரை மணி. இந்தப் படகுகள் நகருக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. நகருக்கு வெளியே மோபான்ஷான், ஜூஜியாங் என்று இரண்டு துறைகள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குப் பேருந்தில் அழைத்துப் போவார்கள். வெளிநாட்டவருக்கான ஆங்கில வழிகாட்டிப் படகுகள் வழக்கமாக ஜூஜியாங்கிலிருந்து கிளம்பும்.

இரண்டாவது, நகருக்குள்ளேயே யானைப் பாறையைச் சுற்றிவிட்டு ஏறிய துறைக்கே திரும்பும் குறும்பயணம். முதலில் சொன்ன குடும்பம் போனது இதில்தான். மூன்றாவது, "இரண்டு ஆறு, நான்கு ஏரி" என்ற இரவுப் படகு. விளக்கு போட்ட சூரிய, சந்திர கோபுரங்களைப் பார்த்தபடி நகரத்து ஏரிகளுக்குள் வலம் வரும். அழகுதான், ஆனால் மலைகள் கிடையாது. நான்காவது, நெடும்பயண வழியில் உள்ள யாங்டி, சிங்பிங் பகுதியில் ஓடும் மோட்டார் தெப்பம். ஐந்தாவதாக யூலுங் தெப்பம். அது லி ஆறே இல்லை, அதில் வந்து கலக்கும் துணையாறு. ஆனாலும் பல விற்பனைப் பக்கங்களில் அதுவும் லி ஆற்றுப் பட்டியலிலேயே இருக்கும்.

இது ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்றால், யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே நடந்துவிடுகிறது. விடுதி வரவேற்பு மேசையில் "லி ரிவர்?" என்று கேட்பீர்கள். அவர் தலையாட்டி டிக்கெட் கொடுப்பார். நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார். விலையும் குறைவாக இருக்கும், நல்ல பேரம் என்று தோன்றும். குய்லினில் இருப்பதோ இரண்டு நாள். மறுநாள் காலை ரயில். மலைகளைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

டிக்கெட் எடுக்கும் முன் நான்கு கேள்வி போதும். எந்தத் துறையில் ஏறுகிறோம், எந்தத் துறையில் இறங்குகிறோம்? இரண்டு பெயரும் வேறாக இருக்க வேண்டும், இறங்குவது யாங்ஷுவோவாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம்? ஒரு மணி, ஒன்றரை மணி என்றால் அது நகரச் சுற்று. எத்தனை மணிக்குக் கிளம்பும்? நெடும்பயணப் படகுகள் காலையில், ஏறத்தாழ ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கிளம்பிவிடும். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் எந்தப் படகும் உங்களை யாங்ஷுவோவுக்குக் கொண்டுபோகாது. கடைசியாக, துறைக்குப் போகும் பேருந்து டிக்கெட்டில் சேர்த்தியா? துறைப் பெயரைச் சீன எழுத்தில் கைப்பேசியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் உச்சரித்துப் புரியவைக்க முடியாது.

இந்த 83 கிலோமீட்டரிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. யாங்டியிலிருந்து சிங்பிங் வரைதான் உச்சம். ஒன்பது குதிரைப் பாறை இங்கேதான். 20 யுவான் நோட்டின் பின்பக்கக் காட்சி சிங்பிங் அருகில் வரும். அந்த இடத்தில் படகிலுள்ள அத்தனை பேரும் ஒரு கையில் நோட்டையும் ஒரு கையில் கைப்பேசியையும் நீட்டியபடி மலையோடு பொருத்திப் பார்ப்பார்கள். கெட்டது என்னவென்றால், சாப்பாட்டு நேரமும் இந்தப் பகுதியும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். கீழ்த்தளத்தில் தட்டோடு உட்கார்ந்தால் மலை போய்விடும். யாங்டி தாண்டும்போதே மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். சாப்பாடு ஆறினால் ஆறட்டும். சாதாரணப் படகைவிட நான்கு நட்சத்திரப் படகில் கூடுதல் பணம் வாங்குவது இருக்கைக்கும் பஃபே சாப்பாட்டுக்கும்தான். மலை இரண்டு படகுக்கும் ஒன்றே.

பெட்டியைக் குய்லினில் விட்டுவிட்டு வருவது

படகு ஒருவழிப் பாதை. பயணிகளை யாங்ஷுவோவில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். குய்லினில் அறையை வைத்துக்கொண்டு போனவர்கள், இறங்கியதும் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் திரும்ப வேண்டியிருக்கும். யாங்ஷுவோவின் மாலைப்பொழுது அப்படியே கைவிட்டுப் போகும். காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டியைப் படகில் ஏற்றி, அன்றிரவு யாங்ஷுவோவில் தங்குங்கள்.

திரும்பும் ரயிலில் ஒரு பொறி இருக்கிறது. "யாங்ஷுவோ" என்று பெயருள்ள அதிவேக ரயில் நிலையம் யாங்ஷுவோ ஊரில் இல்லை. அது சிங்பிங் பக்கம், ஊரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பத்து நிமிட ஆட்டோ தூரம் என்று நினைத்துக் கிளம்பினால் ரயில் போய்விடும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

மூங்கில் என்று நம்புவது

யாங்டி, சிங்பிங் பகுதியில் "மூங்கில் தெப்பம்" என்று விற்பது பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகக் கட்டி, மேலே கூரை போட்டு, பின்னால் மோட்டார் மாட்டியது. நான்கு பேர் உட்காரலாம். தண்ணீருக்கு ஒட்டியே போவதால் காட்சி பிரமாதம், சத்தமும் பிரமாதம். உண்மையான மூங்கிலில், துடுப்புக் கழியால் தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் போக வேண்டுமானால் யூலுங்தான். தெப்பத்துக்கு இரண்டு பேர். வழியில் சிறு தடுப்பணைகள் வரும். தெப்பத்தின் மூக்கு கீழே குத்தும்போது கால் முட்டிவரை நனையும். கேமராப் பையைக் காலடியில் வைக்காமல் மடியில் வையுங்கள். சின்னக் குழந்தைகளையும் வயது முதிர்ந்தவர்களையும் ஏற்ற மறுப்பார்கள், அதனால் குடும்பமாகப் போகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால் இரண்டு வகைத் தெப்பமும் நின்றுவிடும்.

யாங்சியில் மூன்று இரவும் மலையிடுக்குதான் என்று எண்ணுவது

யாங்சி ஆற்றில் சோங்கிங் நகரிலிருந்து கீழ்நோக்கி யீச்சாங் நகரின் பக்கம் வரும் கப்பல் மூன்று இரவு ஓடும். எதிர்த்திசையில் நான்கு இரவு. இத்தனை நேரமும் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை என்று கற்பனை செய்துகொண்டு ஏறுகிறவர்கள் முதல் நாளே முகம் சுளிப்பார்கள். வழியில் பெரும்பகுதி அகலமான நீர்த்தேக்கம்தான். ச்சூதாங் இடுக்கின் நீளம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், காபி குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிடும். அதன் நுழைவாயில்தான் 10 யுவான் நோட்டின் பின்னால் இருப்பது. அடுத்து வரும் வூ இடுக்கு 45 கிலோமீட்டர் போல. மேலிருந்து கீழே வரும் கப்பல்களில் இவை இரண்டும் வழக்கமாக மூன்றாம் நாள் வரும். அன்று எத்தனை மணிக்கு ச்சூதாங் வருகிறது என்று முந்தின இரவே கேட்டு வையுங்கள். உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான மலிவான படகுகளில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, இடுக்குகளை நள்ளிரவில்கூடத் தாண்டிப் போகும்.

மூன்றாவதான சீலிங் இடுக்கில்தான் மூன்று இடுக்கு அணை (Three Gorges Dam) நிற்கிறது. இப்போது பல கப்பல்கள் அணையைத் தாண்டுவதே இல்லை. அணைக்கு மேல்பக்கம் மாவ்பிங் துறையில் இறக்கிவிட்டுப் பேருந்தில் யீச்சாங் அனுப்புவார்கள். அப்படியானால் அணைக்குக் கீழே உள்ள சீலிங் உங்களுக்குக் கிடையாது, கப்பலை ஐந்து படியாக இறக்கும் நீர்ப்பூட்டும் கிடையாது. அந்தத் துண்டு வேண்டுமென்றால் யீச்சாங்கில் ஒருநாள் கூடுதலாகத் தங்கி, "இரண்டு அணை ஒரு இடுக்கு" என்ற பகல் படகைப் பிடிக்க வேண்டும். விளம்பரத்தில் "சோங்கிங் – யீச்சாங்" என்றுதான் போட்டிருப்பார்கள். இங்கேயும் கேட்க வேண்டியது துறையின் பெயர்: மாவ்பிங்கா, யீச்சாங்கா?

இறங்கும் நாளிலேயே விமானம்

வேண்டாம். கடைசி நாள் காலையில் அணையைச் சுற்றிக்காட்டுவார்கள், அங்கே பாதுகாப்புச் சோதனை வரிசை. பிறகு மாவ்பிங்கிலிருந்து யீச்சாங் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் போல. மூடுபனி பிடித்தால் கப்பலே தாமதமாகும். ரயில் என்றால் மதியம் மூன்று மணிக்கு முந்தையதை எடுக்காதீர்கள்.

ஏறும் நாளிலும் இதே கதைதான். நீர்மட்டம் சரியில்லாத நாட்களில் கப்பல் சோங்கிங்குக்கு வராது, ஆற்றின் கீழ்ப்பக்கம் உள்ள ஃபெங்டு வரை பேருந்தில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நகரில் சாவ்தியன்மென்னில் ஏறினாலும் அங்கே ஒரு துறை அல்ல, எண் போட்ட பல துறைகள். டாக்சி மேலே சாலையில் நிறுத்திவிடும். கீழே படிக்கட்டு, அதற்கப்பால் மிதவைப் பாலம். மூங்கில் கழியோடு சுமைக்காரர்கள் வருவார்கள். கூலியை முதலில் பேசிவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள். முந்தின நாளே சோங்கிங் வந்து சேர்வது நல்லது.

சேர்த்தி எது, தனி எது

ஃபெங்டு, ஷிபாவ்ஷாய், பாய்தி நகரம் போன்ற கரை இறக்கங்களில் சில டிக்கெட்டில் அடங்கும், சில கப்பலில் ஏறிய பிறகு தனியாக விற்கப்படும். பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். எல்லா இடத்திலும் படிகள் அதிகம், முட்டிவலிக்காரர்கள் கப்பலிலேயே இருப்பதில் தவறில்லை. வெளிநாட்டுப் பயணிகளிடம் சேவைக் கட்டணம் தனியாக வாங்கும் கப்பல்களும் உண்டு. அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தின் பின்கோடியைத் தவிர்த்துவிடுங்கள், இன்ஜின் அதிர்வு தூங்கவிடாது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பது

இது தமிழர்களுக்கே உரிய தலைவலி. படகு டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடுதான் வழங்கப்படும், ஏறும்போது அசல் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரையோ இனிஷியலையோ இட்டு நிரப்பாதீர்கள். விற்பவரிடம் பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்பி, அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள்.

விசா

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை தேவையில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தேவை. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் தங்கவிடும் 240 மணி நேர இடைவழிச் சலுகை இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

பணம்

சீனாவின் கைப்பேசிப் பணச் செயலியான அலிபேயில் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள்.

சைவம்

"சைவம்" என்ற ஒற்றைச் சொல்லை மொழிபெயர்த்துக் காட்டினால் போதாது, கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தருவார்கள். "இறைச்சி, மீன், விலங்குக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்" என்று முழு வாக்கியமாகச் சீனத்தில் வைத்திருங்கள்.

மாதம்

அக்டோபர் முதல் வாரம் சீன தேசிய விடுமுறை, கிட்டவே போகாதீர்கள். லி ஆற்றில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை, தண்ணீர் நிறைய. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு வற்றிவிடும், அப்போது படகுப் பாதையைச் சுருக்கி, யாங்ஷுவோ வரை போகாமல் பாதியில் திருப்பிவிடுவதுண்டு. அந்த மாதங்களில் மட்டும், காலையில் கிளம்பும் சரியான படகே ஏறிய துறைக்குத் திரும்பி வரலாம். பெட்டியைப் படகில் ஏற்றும் முன் அன்றைய தடம் எதுவரை என்று துறையிலேயே கேளுங்கள்.

யாங்சியில் தேக்கத்தின் நீர்மட்டம் குளிர்காலத்தில் 175 மீட்டர் வரை இருக்கும், வெள்ளக் காலத்துக்கு இடம் விட ஜூனுக்குள் 145 மீட்டர் போல இறக்கிவிடுவார்கள். அந்த முப்பது மீட்டருக்கும் கரையோரம் பாறை வெளிறிப் பட்டையாகத் தெரியும். பழைய படங்களில் உள்ள உயரம் கொஞ்சமாவது தெரிய வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளம் வந்தால் கப்பலையே நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்பும் விதியைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.