பன்றிக் கொட்டகையில் சால்மோனெல்லா: கழிச்சல் நின்ற பிறகும் ஏன் கவனிக்க வேண்டும்?

போன ஐப்பசி மழையில் எங்கள் கொட்டகையில் பால் மறந்த குட்டி ஒன்றுக்குக் கழிச்சல் கண்டது. மஞ்சள் தண்ணீராகப் போனது, நாற்றம் தாங்க முடியவில்லை. ஊசி போட்டோம். நான்காம் நாள் எழுந்து தவிடு தின்றது. சரி, பிழைத்துக்கொண்டது என்று மற்ற குட்டிகளோடு சேர்த்துவிட்டேன். மூன்று வாரத்தில் அதே அறையில் நான்கு குட்டிகள் படுத்துவிட்டன. மருந்தில் குறையில்லை, என் அவசரம்தான். புதிதாக வெண்பன்றி வளர்க்க வருகிறவர்களுக்காக, என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காதையும் காய்ச்சலையும் பாருங்கள்

பன்றிக்கு இயல்பான உடல் வெப்பம் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். 105-ஐத் தாண்டினால் காய்ச்சல் கடுமை. இப்படிக் கழிச்சலைத் தருகிற கிருமிகளில் ஒன்று சால்மோனெல்லா. அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. டைஃபிமியூரியம் பெரும்பாலும் குடலோடு நின்று கழிச்சலைத் தரும். காலரேசூயிஸ் இரத்தத்தில் ஏறிவிடும். காது, வயிற்றுத் தோல் எல்லாம் கருநீலமாகும், மூச்சு வாங்கும். ஆனால் பன்றிக் காய்ச்சல்களிலும் காது இப்படி நிறம் மாறும். அதனால் நீங்களே முடிவு கட்டாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: பிரித்து வையுங்கள்

நோய்க் குட்டிக்குத் தனி அறை, தனி வாளி, தனித் துடைப்பம். முதலில் நல்ல குட்டிகளுக்குத் தீனி, கடைசியில் இதற்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இது மனிதருக்கும் தொற்றும்.

படி 3: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். என் தப்பு இங்கேதான் இருந்தது.

கிருமி வாய் வழியாகப் போகிறது. தொண்டையில் இருக்கும் டான்சிலில் கொஞ்சம் தங்கிவிடும். வயிற்று அமிலத்தில் தப்பிப் பிழைத்தது சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வரும். அங்கே குடல் சுவரில் எம் செல்கள் என்று சில உண்டு. குடலில் வருவதில் கொஞ்சம் எடுத்து, அடியில் இருக்கும் காவல் செல்களிடம் காட்டுவது அவற்றின் வேலை. சால்மோனெல்லாவுக்கு அதுவே வாசல். பக்கத்துச் செல்களையும் விடுவதில்லை. தன் உடம்பில் இருக்கும் ஊசி போன்ற குழாயால் சில புரதங்களை உள்ளே செலுத்துகிறது. செல்லின் தோல் அலைபோல் எழும்பி, தானாகவே கிருமியை விழுங்கிவிடும்.

அடியில் காத்திருக்கும் காவல் செல்லின் பெயர் மாக்ரோஃபேஜ். கிருமியைப் பிடித்து ஒரு பையில் போட்டு, லைசோசோம் என்ற அமிலப் பையை அதில் கொட்டிக் கரைப்பதுதான் அதன் வழக்கம். சால்மோனெல்லா பைக்குள் இருந்தபடியே இன்னொரு ஊசிக் குழாயை நீட்டி, அந்தக் கொட்டுதலைக் குழப்பிவிடுகிறது. காவல்காரன் வீட்டிலேயே குடியேறி, அவன் வண்டியிலேயே நிணநீர்க் கணுவரை போகிறது.

இதற்கிடையே நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து குடலில் சண்டை பிடிக்கும். குடல் வீங்கி நீர் கசியும், அதுதான் நாம் பார்க்கிற கழிச்சல். அந்த அழற்சியில் உண்டாகும் டெட்ராதயோனேட் என்ற பொருளை சால்மோனெல்லா சுவாசிக்கப் பயன்படுத்திக்கொள்ளும். குடலில் ஏற்கெனவே இருந்த நல்ல கிருமிகள் பலவற்றுக்கு அது முடியாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

கழிச்சல் நின்றாலும் டான்சிலிலும் குடல் நிணநீர்க் கணுக்களிலும் கிருமி ஒளிந்திருக்கலாம். வண்டிப் பயணம், புதுக் குட்டிகளோடு சேர்ப்பது, ஈற்று, வெயில் என்று ஏதாவது அலைச்சல் வந்தால் திரும்பச் சாணத்தில் இறங்கும்.

(பெயர்க் கதை ஒன்று. 1885-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் இதைப் பன்றியிடமிருந்துதான் பிரித்தெடுத்தார். பெயர் கிடைத்தது அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்கு!)

படி 4: தீனியும் எலியும்

ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்கக் காய்ச்சிப் போடுங்கள். காய்ச்சியதைப் பழைய வாளியிலேயே ஊற்றினால் காய்ச்சியும் பயனில்லை. அறுப்பு முடிந்தால் வயல் எலி கொட்டகைக்கு வரும், எலிப் புழுக்கையிலும் சால்மோனெல்லா இருக்கும். நம் பக்கத்து மூங்கில் எலிக்கிட்டியே போதும், விஷம் வைத்தால் பன்றி தின்றுவிடும்.

படி 5: சாணம் எடுத்து அனுப்புங்கள்

மருந்து தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது. கையுறை போட்டு, மிதிபடாத புதுச் சாணத்தில் எலுமிச்சம்பழ அளவு, சுமார் 25 கிராம், மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள், உறைய விடாதீர்கள். எங்கே கொடுப்பது என்று உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஆய்வகத்தில் முதல் நாள் பெப்டோன் நீர் என்ற சத்து நீரில் 37 டிகிரி செல்சியஸில் வளர்ப்பார்கள். அப்புறம் மற்றக் கிருமிகளை அடக்கும் திரவம், பிறகு எக்ஸ்எல்டி என்ற, கிருமி வளர்க்கும் கூழ் பூசிய தட்டு. தட்டில் சிவப்பாக, நடுவில் கறுப்பாகப் புள்ளிகள் எழும். குன்றிமணியைப் பரப்பி வைத்ததுபோல் இருக்கும். அதை உறுதிசெய்யவும் நாளாகும், ஆகவே பொறுமை வேண்டும்.

ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். கிருமி தினமும் சாணத்தில் இறங்குவதில்லை. எனக்கும் முதல் தடவை இல்லை என்றுதான் வந்தது. இரண்டு வாரம் கழித்து, அறை மாற்றிய மறுநாள் எடுத்த சாணத்தில் இருந்தது. அந்தக் குட்டி அப்போது நன்றாகத் தின்று கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தது.