வெண்கலத் தொழிலாளியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பெல்ஜியச் சிற்பி கான்ஸ்டன்டின் மியூனியே (1831–1905) சுரங்கத் தொழிலாளிகளையும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களையும், இரும்பு உருக்குபவர்களையும் வெண்கலத்தில் வடித்தவர். மேசையில் வைக்கும் அளவிலான அவருடைய வார்ப்புகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. இப்படிப்பட்ட ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, அதைப் பளபளவென்று தேய்ப்பது.

குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்குக் கூடாது. சிலையின் மேல் தெரியும் கரும்பழுப்பு, வார்த்த பிறகு சூடேற்றி ரசாயனம் பூசி வேண்டுமென்றே வரவழைத்த நிறம். அது போனால் தசையின் மேடுபள்ளம் எடுபடாது, விலையும் இறங்கிவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்று அர்த்தம். ஈரமில்லாத இடத்தில் தனியே வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெண்கலம்தான் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது! 19ஆம் நூற்றாண்டின் மலிவுச் சிலைகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்து, வெண்கல நிறம் பூசியவை. அடிப்பக்கத்தில் பழைய கீறல் இருந்தால் பாருங்கள். உள்ளே வெள்ளி போல் வெளுத்திருந்தால் அது வெண்கலம் இல்லை.

மூட்டை தூக்குபவர் என்றதும் ‘பாவம்’ என்று பார்ப்பதும் தவறுதான். மியூனியேயின் துறைமுகத் தொழிலாளி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கிறார். பரிதாபத்தை அவர் கேட்கவே இல்லை.

பெரிய ஏமாற்றம் சிலையில் இருக்கும் சிற்பியின் கையெழுத்தில்தான். கையெழுத்து மூல மாதிரியிலேயே இருப்பதால் எல்லா வார்ப்பிலும், சிற்பி இறந்த பிறகு வார்த்ததிலும்கூட, வந்துவிடும். பாரிஸ் சிற்பி ஜூல் தாலூ தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப நினைத்து, அதற்காகச் சின்னச் சின்ன மண் உருவங்கள் செய்தார். சின்னம் எழும்பவில்லை, 1902இல் அவரும் இறந்துவிட்டார். அந்த உருவங்களைப் பிற்பாடு சூஸ் வார்ப்பகம் வெண்கலத்தில் வார்த்தது. இவை போலி இல்லை, ஆனால் தாலூ கண்ணால் பார்க்காதவை. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வகை, வார்த்து முடித்த வெண்கலச் சிலையிலிருந்தே அச்செடுத்து மறுபடி வார்த்தவை. ஆறும்போது உலோகம் சுருங்குவதால் இவை கொஞ்சம் குட்டையாகவே இருக்கும், விரல் நுனியும் துணி மடிப்பும் மழுங்கியிருக்கும். அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே சிலையின் உயரத்தோடு அளந்து ஒப்பிடுங்கள். மரப் பீடத்தையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள்.