உடல் சூடேறும்போது பிபி ஏன் இறங்குகிறது? ரெக்கவரி அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஆபரேஷன் முடிந்து தியேட்டரிலிருந்து வரும் நோயாளி வெடவெடவென்று நடுங்குகிறார். மானிட்டரில் பிபி 130/80. எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். உடல் சில்லிட்டிருக்கும்போது வரும் பிபியை அப்படியே நம்பக் கூடாது.

குளிரில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுங்கிவிடும். அதனால் பிபி தாக்குப்பிடிக்கும். அங்கே சேர்ந்த ரத்தத்தை உடல் 'அதிகம்' என்று எடுத்துக்கொள்வதால் சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். ஆபரேஷனில் போன ரத்தம் வேறு. பிறகு நாம் சூடேற்றும்போது குழாய்கள் விரியும். அவற்றை நிரப்ப ரத்தம் போதாது. பிபி சரிவது அப்போதுதான்.

முதல் படி, வெப்பநிலை. 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் சூடேற்றத் தொடங்க வேண்டும். அக்குளில் வைத்தால் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஸ்பைனல் (முதுகில் போட்டு உடலின் கீழ்ப்பாதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட்டவர் 'குளிரவில்லை' என்று சொன்னாலும் அளந்து பாருங்கள். அவருக்குக் குளிர் சரியாக உறைக்காது.

இரண்டாவது, சூடேற்றும் முன்பே நாடித்துடிப்பு, பிபி, சிறுநீர் அளவு, காயக் கட்டு, டிரெயின் (காயத்திலிருந்து ரத்தமும் நீரும் வடிய வைத்த குழாய்) எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். பின்னால் ஒப்பிட இந்தக் கணக்குதான் உதவும். நடுக்கத்தில் மெஷின் தப்பாகக் காட்டக்கூடும், சந்தேகமென்றால் கையால் பிபி பாருங்கள். ஐவி லைன் ஒழுங்காக ஓடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிபி சரிந்த பிறகு, சுருங்கிப்போன நரம்பில் ஊசி குத்தத் தேடுவது பெரும்பாடு.

அப்புறம் ஈரத் துணியை மாற்றித் துடைத்து, தலையை மூடி, வார்மர் போர்வையை (மெஷினிலிருந்து குழாய் வழியாகச் சூடான காற்று வரும் போர்வை) மார்பு, வயிறு மேல் போடுங்கள். வார்மரின் குழாயைப் போர்வையில் பொருத்தாமல் வெறுமனே துணிக்குள் விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தோல் வெந்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். சுடுநீர்ப் பையும் வேண்டாம்; மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. டிரிப்பை அதற்கான வார்மர் வழியாகத்தான் சூடாக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான நேரம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். நிலையான பிறகு 15 நிமிடமாக்கலாம். நோயாளியின் விரல்களை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். சில்லென்று வெளிறியிருந்த விரல்கள் வெதுவெதுப்பாகிச் சிவக்கும்போது குழாய்கள் விரிகின்றன என்று அர்த்தம். அதோடு நாடி ஏறி, பிபி இறங்கினால் உடனே மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுங்கள். நோயாளி மல்லாந்து படுத்தே இருக்கட்டும், உட்கார வைக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுங்கள், டாக்டர் சொல்லும் அளவு திரவம் ஏற்றுங்கள். வார்மர் சூட்டைக் குறைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.

'சூடேற்றினோம், அதனால் இறங்கியிருக்கும்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். குளிரில் ரத்தம் சரியாக உறையாது. கட்டையும் டிரெயினையும் மறுபடி பாருங்கள், வயிறு உப்புகிறதா என்றும் கவனியுங்கள். உள்ளே ரத்தம் கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும்.

வெப்பநிலை 36-ஐத் தொட்டு, பிபி நிலையாக நின்ற பிறகே வார்டுக்கு அனுப்புங்கள். சூடேற்றியது, எப்போது நிறுத்தியது, கடைசி பிபி எவ்வளவு என்று வார்டு சிஸ்டரிடம் வாயாலும் சொல்லுங்கள். முதல்முறை எழுப்பி உட்கார வைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கச் சொல்லுங்கள்.