அப்பாவின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற டெஸ்க்டாப்: பழைய லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇ

2014இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் சேர்ந்தே வந்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய வாரம் அப்பா அதைக் கேட்டார். பேப்பர் படிக்க வேண்டும், பழைய நண்பர்களுக்கு நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். திறந்து கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் மூடிவிட்டார். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது கண்ணு. எது எங்க இருக்குதுன்னே தெரியல."

அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அச்சகத்தில் 26 வருஷம் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து, அதாவது அறை அறையாகப் பிரித்த எழுத்துப் பெட்டியிலிருந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் கோத்த கை அது. அதனால் அவர் சொன்ன இரண்டு குறைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். பொருள் கை போகிற இடத்தில் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பை மாற்றி அமைப்பது அழகுக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

முதலில் அடித்தளம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். டெஸ்க்டாப் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் உண்டு. பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇதான் சரி. 2 ஜிபி ரேம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது. என்னுடையதில் 2 ஜிபிதான் இருந்தது. புதுச்சேரி போனபோது இன்னொரு 2 ஜிபி வாங்கி வந்து நானே மாட்டினேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' போய் 'சோதனை' என்று தனியாக ஒரு அக்கவுன்ட் திறந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பின் தோற்றம் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. சோதனையில் என்ன குளறுபடி செய்தாலும் அப்பாவின் திரையில் ஒரு ஐகான்கூட நகராது. சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்புகிற டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். அது சிஸ்டம் ஃபைல்களைத்தான் காப்பாற்றும். தோற்ற அமைப்புகள் இருப்பது ஹோம் ஃபோல்டரில். நாமாகச் சொன்னால் ஒழிய டைம்ஷிஃப்ட் அதைச் சேர்க்காது.

இப்போது எழுத்து. பெரும்பாலோர் ஃபான்ட் சைஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு. சிஸ்டம் அதை 96 என்று வைத்துக்கொள்கிறது. என் லேப்டாப் திரை 14 அங்குலம், 1366க்கு 768 பிக்சல். 1366ஐயும் 768ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1567. அதை 14ஆல் வகுத்தால் 112. ஆக, இந்தத் திரையின் ஒரு அங்குலத்தில் இருப்பது 112 பிக்சல், சிஸ்டம் நினைப்பது 96. அதனால் 10 பாயின்ட் என்று போட்டிருந்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது எட்டரை பாயின்ட்தான்.

இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "எட்டரையா? அது டிக்ஷனரிக்குக் கோக்கிற எழுத்தாச்சே. எனக்குப் பன்னிரண்டு வேணும்."

செட்டிங்ஸ் மேனேஜரில் 'அப்பியரன்ஸ்' திறந்து 'ஃபான்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'கஸ்டம் டிபிஐ செட்டிங்' என்பதை டிக் செய்து உங்கள் திரையின் எண்ணைப் போடுங்கள். அதே 1366 பிக்சல் திரை 15.6 அங்குலம் என்றால் 100 வரும். ஃபுல் எச்டி 15.6 அங்குலம் என்றால் 141. நான் 112 போட்டு, டிஃபால்ட் ஃபான்ட்டை 12 ஆக்கினேன். அதற்குப் பிறகு 12 என்பது உண்மையிலேயே அச்சில் வரும் 12தான்.

அடுத்தது எந்த ஃபான்ட் என்பது. தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு: புள்ளி. சின்ன அளவில் மெல்லிய ஃபான்ட் வைத்தால் 'கண்' என்பது 'கண' என்று தெரிகிறது. புள்ளி உடைந்த எழுத்தைக் கேஸில் திரும்பப் போடவே மாட்டோம் என்றார் அப்பா. நாலைந்து ஃபான்ட்களில் ஒரே வரியை அடித்து அவர் முன்னால் வைத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் விரல் வைத்தது முக்த மலர் மீது. அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஒரே கையால் எழுதியதுபோல் பொருந்தி இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, ஹோம் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். புள்ளி வைத்த ஃபோல்டர் மறைந்திருக்கும். கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். 'ரெகுலர்' வேண்டாம், 'மீடியம்' எடுங்கள். கோடு கொஞ்சம் தடிப்பதால் புள்ளி நிற்கிறது. டிபிஐ போட்ட அதே 'ஃபான்ட்ஸ்' பகுதியில், எழுத்தின் கோடுகளைப் பிக்சலுக்கு ஏற்பச் சரிசெய்கிற 'ஹின்டிங்' என்பதை 'ஸ்லைட்' ஆக்கினால் வளைவுகள் பிசிறடிக்காது.

டிபிஐ ஏற்றியதும் ஒரு தொல்லை வரும். சில செட்டிங்ஸ் ஜன்னல்கள் திரையின் உயரத்தைத் தாண்டி நீளும், கீழே இருக்கும் ஓகே பட்டன் கண்ணில் படாது. ஆல்ட் கீயை அழுத்தியபடி ஜன்னலின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுங்கள், பட்டன் வந்துவிடும்.

ஐகான்கள் வரிசையாக நிற்கிற பட்டையான பேனலை எங்கே வைப்பது? கீழே வைப்பதுதான் வழக்கம். 768 பிக்சல் உயரத்தில் அதற்கும் இடம் கொடுத்தால் படிக்கிற பேப்பர் குட்டையாகிவிடுகிறது. அகலம் தாராளமாக இருக்கிறதே என்று இடது ஓரத்தில் நிறுத்திவிட்டேன். பேனல் மேல் வலது கிளிக், 'பேனல் ப்ரிஃபரன்சஸ்', 'மோட்' என்ற இடத்தில் 'டெஸ்க்பார்'. 'லாக் பேனல்' டிக்கை எடுத்தால்தான் இடம் மாற்ற முடியும். இடது ஓரத்துக்கு இழுத்து வைத்த பிறகு மறுபடி டிக் போட்டுவிடுங்கள். 'ரோ சைஸ்' 48.

அதில் எதை எங்கே வைப்பது என்பதை அப்பாவிடமே விட்டேன். கேஸில் அடிக்கடி வரும் எழுத்துகள் கைக்கு நேரே பெரிய அறையில் இருக்கும், எப்போதாவது வருவது ஓரத்தில் இருக்கும் என்றார். அப்படியே அமைத்தோம். நடுவில் பிரவுசரும் எழுதுகிற ரைட்டரும், மேலே படங்கள், கடைசியில் ஷட் டவுன். நாலே ஐகான். இன்று அவர் திரையைப் பார்க்காமலே மவுஸை இடது பக்கம் கொண்டுபோகிறார். அதற்குப் பிறகு அழகான ஐகான் செட் எத்தனையோ கண்ணில் பட்டும் நான் வரிசையைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

ஒரு நாள் "படிச்சிட்டு இருந்த பேப்பர் காணோம்" என்று கூப்பிட்டார். டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வீலை உருட்டியிருக்கிறார். திரை அடுத்த வொர்க்ஸ்பேஸுக்கு, அதாவது இன்னொரு காலி டெஸ்க்டாப்புக்குப் போய்விட்டது. 'வொர்க்ஸ்பேசஸ்' போய் எண்ணிக்கையை 1 ஆக்கினேன். டைட்டில் பார் மேல் வீலை உருட்டினாலும் ஜன்னல் சுருண்டுகொள்ளும். 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்', 'ஆக்சஸிபிலிட்டி' பக்கத்தில் அதை நிறுத்தலாம். வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

கை நடுக்கம் இருந்தால் 'டெஸ்க்டாப்' செட்டிங்ஸில் 'ஐகான்ஸ்' பக்கத்தில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைக்கலாம். மவுஸ் அம்புக்குறியை 'மவுஸ் அண்ட் டச்பேட்' உள்ளே 'தீம்' பக்கத்தில் 48 ஆக்குங்கள். ஜன்னலை மூடுகிற பட்டன் சிறிதாக இருந்தால் 'விண்டோ மேனேஜர்' ஸ்டைலில் 'டிஃபால்ட்-எச்டிபிஐ' எடுங்கள்.

வேகத்துக்காக கம்பாசிட்டரை நிறுத்தச் சொல்வார்கள். இது அப்பாவின் வேலை இல்லை, ஜன்னல்களை நிழல் போன்றவற்றோடு சேர்த்துத் திரையில் வரைகிற மென்பொருள். நானும் நிறுத்திப் பார்த்தேன், கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் ஆல்ட் பிடித்துக்கொண்டு வீலை உருட்டினால் மொத்தத் திரையும் பூதக்கண்ணாடி வைத்ததுபோல் பெரிதாகும் வசதி கம்பாசிட்டர் இருந்தால்தான் வேலை செய்யும். அப்பா அதை ஒரு நாளைக்குப் பத்து முறை பயன்படுத்துகிறார். திரும்பப் போட்டுவிட்டேன்.

வால்பேப்பருக்குப் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் வேண்டும் என்றார். வைத்தேன். சுதைச் சிற்பங்களின் நிறங்களுக்கு நடுவே ஐகான் பெயர் ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை. அப்புறம் அவரையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். கட்டுமரமும் படகுகளும் படத்தின் வலது பக்கம் வருகிற மாதிரியும், இடது பக்கம் வெறும் கருநீலக் கடலாக இருக்கிற மாதிரியும் நின்று போனில் எடுத்தேன். அந்தக் கடல் மேல்தான் ஐகான்கள் இருக்கின்றன. வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்கிறது. வால்பேப்பர் எடுக்கும்போது ஐகான் வருகிற பக்கத்தை வெறுமையாக விடுங்கள்.

தீம் விஷயத்தில் கவனம் தேவை. மின்ட்டோடு வருகிற 'மின்ட்-ஒய்' தீம்களே போதும். வெளியிலிருந்து இறக்குவதானால் எக்ஸ்எஃப்சிஇயில் வெறும் நிறமும் படமும் மாற்றுகிற தீமாக இருக்கட்டும். லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவில் குளோபல் தீம் என்று ஒன்று உண்டு. அது புரோகிராமையும் ஓட்டக்கூடியது. 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய ஒருவரின் ஃபைல்கள் அழிந்தே போயின. விண்டோஸிலும் சிஸ்டம் ஃபைலை மாற்றுகிற தீம் பேட்சர்களைத் தொடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் கோளாறாகும். விண்டோஸ் 11இல் எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் 'ஆக்சஸிபிலிட்டி' உள்ளே 'டெக்ஸ்ட் சைஸ்' 225 சதவீதம் வரை போகும். கடிகாரம், வானிலை போன்றவற்றைத் திரையில் வைக்க ரெயின்மீட்டர் நல்ல இலவச மென்பொருள்.

எல்லாம் அமைந்த பிறகு 'பேனல் ப்ரொஃபைல்ஸ்' நிறுவி, பேனல் அமைப்பை ஒரு ஃபைலாகச் சேமித்துப் பென்டிரைவில் வையுங்கள். மற்ற எண்களை எழுதி வைத்தால் போதும். டிபிஐ 112, முக்த மலர் மீடியம் 12, பேனல் 48, அம்புக்குறி 48. எங்கள் வீட்டில் இதை அப்பாவே ஒரு அட்டையில் அச்செழுத்து மாதிரி எழுதி, லேப்டாப்பின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.